பதினாறு இடம் வேணாம், நாலு ஊர் போதும்

ஓட்டமாவடியில் ட்ரிப் போவதற்கு எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. பெருநாள் முடிந்த மூன்றாம் நாள், இல்லையென்றால் ஓ/எல் சோதனை முடிந்த கிழமை, பதினைந்து பேர் காசு சேர்த்து ஒரு வேன் பிடிப்பது. இரவு பத்து மணிக்கு வெளிக்கிடுவது. விடியக் கண்டி, பகலுக்கு நுவரெலியா, பின்னேரம் எல்ல, அடுத்த நாள் ரெண்டு மூன்று நீர்வீழ்ச்சி, நள்ளிரவில் வீடு. எங்கே போனாய் என்று கேட்டால் பதினாறு இடத்தின் பெயர் வரும். அங்கே என்ன இருந்தது என்று கேட்டால் ஃபோனைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும்.

இதை நக்கலுக்கு எழுதவில்லை. வேனுக்குள் இருக்கிற பாட்டும் சிரிப்பும், வழியில் விரித்துச் சாப்பிடுகிற சஹன் சாப்பாடும் எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் வருடத்தில் ஒருதரம் கிடைக்கிற லீவை முழுக்க றோட்டுக்கே கொடுத்துவிட்டு வருகிறோம். நாட்டைப் பார்ப்பதில்லை, கடந்து போகிறோம்.

எங்கள் கருத்து இதுதான். மலையும் பழைய நகரமும் சேர்ந்த ஒரு நல்ல பயணத்தை ஓட்டமாவடியிலிருந்தே ரயிலும் பஸ்ஸும் பிடித்து, பகலில், நாலே நாலு ஊரில் தங்கிப் போய் வரலாம். அதற்குக் காசுக்கு முன்னால் தேவைப்படுவது ஒரு தாளும் பேனையும்.

பாசிக்குடாவில் முடிகிற பயணம்

பாசிக்குடாவுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் எங்கெல்லாம் போய்விட்டு வருகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் பதில் வரும்: சீகிரியா, பொலன்னறுவை, கண்டி, மலையக ரயில், எல்ல, கடைசியில் களைப்பாற எங்கட கடல். எங்கள் வீட்டு வாசல் அவர்களுடைய திட்டத்தில் கடைசி வரி. அந்தத் திட்டத்தின் மற்ற வரிகளை எங்களில் எத்தனை பேர் ஆறுதலாக நின்று பார்த்திருக்கிறோம்?

எங்கட பொடியன்மார் யூடியூப்பில் பார்க்கிறது இத்தாலி. டோலமைட் மலையில் நாலு நாள் நடை, பிறகு வெனிஸ், பிறகு ஃபுளோரன்ஸ். கனவு நல்லதுதான். ஆனால் ஷெங்கன் விசா, டிக்கெட், ஐரோப்பிய விலையில் தங்குமிடம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கனவு பலருக்கு வெகுதூரம். கனவை விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்குள் இருக்கிற முறையை இப்போதே எடுத்துக்கொள்ளலாம் என்கிறோம்.

இத்தாலிப் பயணத்தை ஒழுங்காகப் போடுகிறவர்கள் முதலில் நகரத்தைப் பார்ப்பதில்லை, மலையைப் பார்க்கிறார்கள். டோலமைட்டில் நடைகாரர் தங்குகிற மலைவிடுதிகள் கோடையில்தான் திறந்திருக்கும், ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் கடைசி வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே மலைதான் திகதியை முடிவு பண்ணும். வெனிஸ் எந்த மாதமும் அங்கேயே இருக்கும். அங்கே 'ஆல்டா வியா 1' என்று ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நடைபாதை ஒன்று உண்டு. ஒரு நாள் நடந்தால் ஒரு விடுதி, அடுத்த நாள் நடந்தால் அடுத்தது. அதை முடித்தவர்கள் மலையடியிலிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து வெனிசுக்கு இறங்கிவிடுவார்கள். வந்த வழியே திரும்புகிற வேலை இல்லை.

இதிலிருந்து நாங்கள் எடுக்கிறது நாலு விசயம். மலையின் காலத்தைப் பார்த்துத் திகதி வை. வளையமாகப் போ, போன றோட்டால் திரும்பாதே. மலையடியில் ஆகக்குறைந்தது ரெண்டு இரவு தங்கு. முதல் நாள் மழை என்றால் மறுநாள் கையில் இருக்கும். ஒரு இடத்தைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொன்றை வெட்டு.

டோலமைட் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது 2009இல். அடுத்த வருடம், 2010இல், அதே பட்டியலில் எங்கள் நாட்டின் மத்திய மலைநாடு சேர்ந்தது: சிவனொளிபாத மலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ். பொலன்னறுவை 1982இலேயே சேர்ந்துவிட்டது, கண்டி 1988இல். வாழைச்சேனை ஸ்டேஷனில் ஏறினால் ரயிலும் பஸ்ஸுமாகவே இதையெல்லாம் எட்டிவிடலாம்.

இப்னு பதூதா போட்ட வழி

மலையையும் நகரங்களையும் ஒரே பயணத்தில் கோர்ப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்காதீர்கள். 1344இல் மாலைதீவிலிருந்து இலங்கைக்கு வந்த இப்னு பதூதா அதைத்தான் செய்தார். புத்தளத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசர் என்ன வேண்டும் என்று கேட்டபோது அவர் கேட்டது ஒரே ஒரு காரியம்: ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதம் இருக்கிறதென்று சொல்லப்படும் மலைக்குப் போக வேண்டும்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு முழுப் பயணத் திட்டம். வருடா வருடம் அந்த மலைக்குப் போய்ப் பழகிய யோகிகளை அரசர் வழிகாட்டிகளாக அனுப்பினார். சாமான் தூக்க ஆள் அனுப்பினார், இவர் போக ஒரு பல்லக்கும் கொடுத்தார். மலைக்கு ரெண்டு பாதை என்று இப்னு பதூதா எழுதுகிறார்: பாவா பாதை, மாமா பாதை. ஆதமின் பெயரில் ஒன்று, ஹவ்வாவின் பெயரில் ஒன்று. மாமா பாதை லேசு, பாவா பாதை செங்குத்து. கஷ்டமான பாதையால் ஏறி லேசான பாதையால் இறங்கினார். பிறகு வந்த வழியே புத்தளத்துக்குத் திரும்பாமல் தெவிநுவர, காலி, கொழும்பு என்று கரையோர நகரங்களைச் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தார். மலை, நகரம், வளையம் மூன்றும் அதில் இருக்கிறது.

இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் காட்டில் அட்டைக்கடி. ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தைக் கையில் ஆயத்தமாக வைத்திருந்து, அட்டை கடித்தால் அதன் மேல் பிழிந்துவிடுவார்களாம். கிட்டத்தட்ட 700 வருடத்துக்குப் பிறகும் மழைக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் பையில் எலுமிச்சம்பழமோ உப்போ வைத்துக்கொண்டுதான் போகிறார்கள்.

இதில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒரு முஸ்லிம் பயணி கேட்கிறார், ஒரு தமிழ் அரசர் அனுப்புகிறார், யோகிகள் வழி காட்டுகிறார்கள், சிங்களவர்கள் வாழ்கிற மலைநாட்டுக்குள் போகிறார்கள். நாலு சமயமும் தன்னுடையது என்று சொல்லும் மலை அது. சிவனொளிபாதம் என்றும் பாவாதமலை என்றும் ஸ்ரீபாத என்றும் சொல்லுவோம். 2,243 மீற்றர் உயரம், நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் 5,000க்கும் மேல் படி. பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும்.

எங்கட ஊரிலிருந்து ஒரு வளையம்

இனித் தாளை எடுப்போம். ஏழு நாள், நாலு தங்குமிடம்: பொலன்னறுவை, கண்டி, அப்புத்தளை, பதுளை.

முதல் நாள் வாழைச்சேனையிலிருந்து பொலன்னறுவை. ரயிலும் போகும், பஸ்ஸும் போகும். ரயிலில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பொலன்னறுவை ஸ்டேஷன் பழைய நகரத்தில் இல்லை, சில கிலோமீற்றர் இந்தப் பக்கம் கதுருவெலயில் இருக்கிறது. அது நல்லதுக்குத்தான். கதுருவெலயில் பள்ளிவாசல் இருக்கிறது, முஸ்லிம் சாப்பாட்டுக்கடை இருக்கிறது, தமிழ் பேச ஆள் இருக்கிறது. பையை அங்கே போட்டுவிட்டு வாடகைச் சைக்கிள் ஒன்று எடுத்தால் வெயில் தணிந்த நேரம் பழைய நகரம் முழுக்க உங்களுடையது.

இவ்வளவு கிட்ட இருக்கிற ஊரை நாங்கள் வேன் ஜன்னலால் மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். போர்க்காலத்தில் அந்த றோட்டு முழுக்கச் சோதனைச் சாவடி. இறங்கி ஏறிப் போனவர்களுக்கு இடிபாடு பார்க்க நேரம் எங்கே? இப்போது நேரம் இருக்கிறது. சோழர் அங்கே தலைநகர் வைத்திருந்த காலத்தில் அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயர். இரண்டாம் சிவாலயம் என்று பலகை போட்டிருக்கிற கற்கோயில் அந்தக் காலத்தது, ஒரு சோழ அரசியின் பெயரால் வானவன்மாதேவி ஈஸ்வரம். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரிடமிருந்து நகரத்தை மீட்டு, புத்தரின் புனிதப் பல்லுக்கு அங்கே கோயில் கட்டினார். அந்தக் கோயிலைக் காப்பது எங்கள் பொறுப்பு என்று வேளைக்காரப் படையினர் கல்லில் எழுதி வைத்தார்கள். அந்தக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது, இன்றும் அங்கேயே நிற்கிறது. பௌத்தர்களின் ஆகப் புனிதமான பொருளுக்குத் தமிழில் காவல் உறுதி. பாடப்புத்தகத்தில் பத்துத் தடவை படித்தாலும், அந்தக் கல்லுக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கிறது மாதிரி வராது.

இரண்டாம் நாள் காலையில் கல்விகாரையையும் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டையும் பார்த்துவிட்டு, பகலுக்குப் பிறகு ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் பஸ். வழியில் சீகிரியா திரும்புகிற சந்தி வரும். திரும்ப வேணாம். கோபம் வரும், தெரியும். ஆனால் ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை வெட்ட வேண்டும் என்ற சட்டத்துக்கு முதல் சோதனை இதுதான். சீகிரியாவை அடுத்த பயணத்துக்கு வையுங்கள்.

மூன்றாம் நாள் கண்டியில் முழு நாள். எங்களுக்கு அந்த ஊர் தலதா மாளிகையும் வாவியும் மட்டும் இல்லை. 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டி அரசன் செனரத் அவர்களில் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்னும் இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள், பின்னும் வந்தார்கள். ஆனாலும் இந்த வாவிக்கரை வயல்களில் சிலவற்றின் கதை அந்த மலை அரண்மனையில் தொடங்குகிறது. அதே கண்டியின் கடைசி அரசன் நாயக்கர் வம்சம். 1815இல் ஆங்கிலேயரிடம் ஆட்சியை இழந்து, வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1832இல் அங்கேயே மௌத்தானான். இதையெல்லாம் ஒரு நாள் ஊருக்குள் ஆறுதலாக நடக்கிறவன் யோசிப்பான். பார்க்கிங்கில் அரை மணி நேரம் நிற்கிற வேனுக்குள் அந்த யோசனை வராது.

நாலாம் நாள் மலையக ரயில். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது. கொழும்பிலிருந்து பதுளைக்குப் போகிற சில ரயில்கள் கண்டிக்குள் வராமல் பேராதனையோடு திரும்பிவிடும். எந்த ஸ்டேஷனில் ஏற வேண்டும் என்று முந்தின நாளே கேட்டு வையுங்கள். ஒதுக்கிய சீட் கெதியாக முடிந்துவிடும். நீண்ட விடுமுறை நாட்களைத் தவிர்த்தால் சாதாரணப் பெட்டியிலும் இடம் கிடைக்கும். இன்னொன்று, 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், ரயில் பாதையும் பல இடங்களில் உடைந்தது. ஆகவே எந்தத் துண்டு ஓடுகிறது என்று கேட்டுத்தான் வெளிக்கிட வேண்டும். ஓடாத துண்டுக்குப் பஸ் இருக்கிறது.

இறங்குகிற இடம் எல்ல இல்லை, அப்புத்தளை. ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் ஒரு சின்ன ஊர். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு ஏழு பாகை குளிரும் என்பது பொதுக் கணக்கு. எங்கட ஊரில் 32 பாகை என்றால் அங்கே 23 அளவில் இருக்கும், இரவுக்கு இன்னும் குறையும். ஸ்வெட்டர் ஒன்று வேண்டும். ஐந்தாம் நாள் விடியக் காலை தம்பேதென்னைக்குப் பஸ் ஏறி, 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் ஆசனம் வரை நடை. ஏழு கிலோமீற்றர் அளவில் ஏற்றம், தோட்டப் பாதை, வழி தவறப் பயமில்லை. ஒன்பது பத்து மணிக்கு மேல் முகில் ஏறி மறைத்துவிடும், ஆகவே சுபஹோடு கிளம்ப வேண்டும். அன்றைக்கு மழை என்றால் ஆறாம் நாளுக்குத் தள்ளிவிடலாம். ரெண்டு இரவு என்று சொன்னது இதற்குத்தான்.

ஆறாம் நாள் பதுளை வரை ரயில். தெமோதரையில் 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தின் மேலால்தான் போகும். பாலத்தைப் பார்க்க ஆசையென்றால் எல்லயில் இறங்கி நடந்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடிக்கலாம். ஏழாம் நாள் பதுளையிலிருந்து பிபிலை, மகாஓயா, செங்கலடி. பேராதனையில் தொடங்கி மலையெல்லாம் சுற்றிவருகிற ஏ5 றோட்டு செங்கலடியில் வந்து முடிகிறது. அங்கிருந்து வீடு ஒரு பஸ் தூரம். போன றோட்டால் திரும்பவே இல்லை, பாருங்கள்.

ஏழு நாள் கிடைக்காதவர்கள் அதை நாலாக வெட்டலாம்: பொலன்னறுவையில் ஒரு இரவு, கண்டியில் ரெண்டு இரவு, பக்கத்தில் ஹந்தானை மலையில் ஒரு காலை நடை, வீடு. ஹந்தானையிலிருந்துதான் பீக்கோ ட்ரெய்ல் தொடங்குகிறது. பழைய தேயிலைத் தோட்டப் பாதைகளைக் கோர்த்து, 22 துண்டாக, 300 கிலோமீற்றருக்கும் மேல் மலைநாடு முழுக்கப் போகிற நடைபாதை. இத்தாலியின் ஆல்டா வியாவுக்கு எங்கட பதில் என்று சொல்லலாம். ஒரு வருடத்துக்கு ஒரு துண்டு நடந்தாலும் 22 வருடத்துக்கு வேலை இருக்கிறது.

கச்சான் காற்று சொல்லும் மாதம்

திகதியை மலைதான் முடிவு பண்ணும் என்றோம். எந்த மாதம் என்பதை எங்கட வீட்டு முற்றமே சொல்லும். மே தொடங்கி செப்டெம்பர் வரை அடிக்கிற கச்சான் காற்று தொண்டையைக் காய வைக்கிறது அல்லவா? அது தென்மேல் பருவக்காற்று. ஈரத்தோடு வந்து மலையின் மேற்குப் பக்கத்தில், அட்டன், நுவரெலியா பக்கம், மழையைக் கொட்டிவிட்டு, வெறும் கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. ஆகவே எங்களுக்குக் கச்சான் அடிக்கிற ஜூலை, ஓகஸ்டில் ஊவாப் பக்கமும் உலர்ந்திருக்கும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன பருவம் அதுதான், அந்த உலர்ந்த காற்றுத்தான் அந்த வாசத்தைக் கொடுக்கிறது. ஓகஸ்ட் பள்ளிக்கூட லீவுக்கு அப்புத்தளை சரி. சிவனொளிபாதம், நக்கிள்ஸ், ஹோட்டன் சமவெளி எல்லாம் ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை நல்லம். ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மண்சரிவுக் காலம். அந்த மாதங்களில் மலைக்குத் திட்டம் போடாதீர்கள்.

காற்று மட்டும் இல்லை, தண்ணியும் அப்படித்தான். ஓட்டமாவடிப் பாலத்துக்குக் கீழே நிற்கிற தண்ணியில் ஒரு பங்கு மாதுறு ஓயா கொண்டுவந்தது, ஊவாப் பக்கக் குன்றுகளில் பிறந்து கல்குடாவில் கடலோடு சேர்கிற ஆறு. அதற்கு 1980களின் தொடக்கத்தில் அணை கட்டப் போனபோது, பொறியியலாளர்கள் தெரிந்தெடுத்த அதே இடத்தில் பழங்காலத்து மதகு ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வந்தது. மலைக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவருக்கு வேறு பதில் தேவையில்லை.

படத்தில் வராதவர்கள்

அப்புத்தளையில் தங்கச் சொல்வதற்கு நடையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. தேயிலைப் பச்சையை எல்லாரும் படம் பிடிக்கிறோம். அதற்குள் நிற்கிற மனிதர்கள் எங்கள் மொழிதான் பேசுகிறார்கள். மலையக மக்கள் வந்து 200 வருடம் என்று 2023இல் நினைவுகூர்ந்தார்கள். 1948 குடியுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கானோர் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களானார்கள். 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்தப் பிரச்சினைக்கு முடிவு வந்தது. இன்னும் எத்தனையோ குடும்பம் லயன் அறைகளில். கிழக்கிலிருந்து போகிற நாங்கள் அவர்களோடு ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரமாவது பேசாவிட்டால், சிங்களமும் ஆங்கிலமும் தெரியாத வெளிநாட்டுக்காரனுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கொழுந்து எடுக்கிற அக்கா உங்கள் ஸ்டேட்டசுக்குப் பின்னணி இல்லை.

இரவு றோட்டை விடுங்கள்

இது விருப்பம் சம்பந்தப்பட்ட விசயம் இல்லை, உயிர் சம்பந்தப்பட்டது. 2025 மே 11 விடியற்காலை, கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டெம்பர் 4 இரவு, எல்ல வெல்லவாய றோட்டில் சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் விழுந்து 15 பேர். முதலாவது விடிய முன், இரண்டாவது இருட்டிய பின். ரெண்டும் மலை றோட்டு. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் வேறாக இருக்கலாம். ஆனால் பகல் முழுக்க ஓடி, இரவு முழுக்க ஓடி, 'ட்ரைவர் நானாவுக்கு ஒரு கோப்பி வாங்கிக் கொடு' என்று சமாளிக்கிற பழக்கத்துக்கு மலை இடம் கொடுக்காது. மலையில் இரவுப் பயணம் இல்லை என்று தாளின் முதல் வரியில் எழுதுங்கள். வேனில்தான் போவோம் என்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

தங்கச்சிமாரும் வரலாம்

வேன் ட்ரிப்பில் பெரும்பாலும் பொடியன்மார் மட்டும்தான். தங்கச்சிமார் கேட்டால் வீட்டில் வருகிற கேள்விகள் தெரியும்: யார் யாரோட? எங்க படுக்கிறது? எத்தனை மணிக்கு? இந்தக் கேள்விகளில் பிழை இல்லை. 'பார்த்துப் போவம்' என்ற பதிலில்தான் பிழை. எந்த ரயில், எந்த ஊரில் எந்த வீட்டில் இரவு, இருட்ட முன் எங்கே நிற்போம், ஃபோன் நம்பர் என்ன என்று எழுதின தாளை உம்மா கையில் கொடுத்தால் கதை வேறு மாதிரிப் போகும். உம்மாவையும் கூட்டிப் போனால் இன்னும் நல்லம்; எங்கட உம்மாமாரில் எத்தனை பேர் வாழைச்சேனை ஸ்டேஷனைத் தாண்டிச் சும்மா பார்க்கவென்று போயிருக்கிறார்கள்? பகலில் ஓடுகிற ரயிலும், ஸ்டேஷனுக்குக் கிட்டத் தங்குமிடமும், ரெண்டு குடும்பம் சேர்ந்த பயணமும் பெண்பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்கிற ஏற்பாடுகள். நள்ளிரவு வேன் அந்தக் கதவைச் சாத்துகிற ஏற்பாடு.

இன்னொரு பயம் பற்றியும் நேராகப் பேசுவோம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனியப் பக்கம் நடந்ததையும், 2019க்குப் பிறகு வந்த பார்வைகளையும் எங்கட ஆட்கள் மறக்கவில்லை. 'அந்தப் பக்கம் இறங்காம வா' என்று வாப்பா சொல்வது அதனால்தான். அந்தப் பயத்தை நாங்கள் இளக்காரமாக எடுக்கவில்லை. ஆனால் இறங்காமல் போனால் பயம் அப்படியே இருக்கும். மூடின ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஊர் எப்போதும் அந்நிய ஊர்தான். ஒரு இரவு தங்கி, கடைக்காரரோடு உடைந்த சிங்களத்தில் விலை பேசி, அவர் உடைந்த தமிழில் வழி சொன்ன பிறகு அது இன்னார் இருக்கிற ஊராகிவிடும். இருபது சிங்களச் சொல் படித்துக்கொண்டு போங்கள்: தண்ணி, விலை, இடம், நேரம், நன்றி. அது போதும் தொடங்க.

காசு எங்கே என்று கேட்பீர்கள். வேன் வாடகையும் டீசலும் ட்ரைவர் காசும் பதினைந்தாகப் பிரிந்தாலும் ஒருவர் தலையில் விழுவதை எழுதுங்கள். பக்கத்தில் மூன்றாம் வகுப்பு ரயிலும் அரச பஸ்ஸும், நாலு பேர் பிரிக்கிற ஒரு அறையும், சோத்துப் பார்சலும் எவ்வளவு வரும் என்று எழுதுங்கள். கூடுதல் நாள் என்றாலும் ரெண்டு தொகைக்கும் பெரிய தூரம் இருக்காது என்பது எங்கள் எண்ணம். லீவு கிடைக்காதவர்களுக்கு நாலு நாள் திட்டம் இருக்கிறது.

வருகிற லீவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. குழுவில் நாலு பேர் ஒரு இரவு உட்காருங்கள். போக ஆசைப்படுகிற எல்லா இடத்தையும் எழுதுங்கள், பதினாறு வந்தாலும் பரவாயில்லை. பிறகு ஒவ்வொன்றாக வெட்டுங்கள். வெட்டும்போதுதான் சண்டை வரும், உண்மையில் எதைப் பார்க்க ஆசைப்பட்டோம் என்பதும் அப்போதுதான் வெளியே வரும். நாலு மிஞ்சினதும் வாழைச்சேனை ஸ்டேஷனுக்குப் போய் ரயில் நேரம் கேளுங்கள்.